வாசல் பக்கக் காது

காது சோதிக்கிற தொழிலில் முதலில் பழகவேண்டியது, கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் கோபப்படாமல் நிற்பதுதான். வீட்டில் காது மந்தமான ஒருவரோடு சீவிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சோறு போடவோ என்று மூன்று தரம் கேட்டு, நாலாந்தரம் உரத்துக் கேட்டு, "ஏன் கத்திறாய், நானென்ன செவிடோ?" என்று ஏச்சு வாங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர் மாதிரித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தேன். அறுபது தாண்டிய பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. எங்களிடம் டிரைவரோடு ஒரு வான் இருக்கிறது. அதற்குள் வெளிச்சத்தம் புகாத ஒரு சின்னப் பெட்டி அறை. தொழிலாளி அதற்குள் இருந்து ஹெட்போன் போட்டுக்கொள்வார். மெல்லிய கூவல் ஒன்று வரும். கேட்டால் கையிலுள்ள பொத்தானை அமத்தவேண்டும். வெளியே, காதுச் சோதனை படித்த துஷி மிஸ் மெசினுக்கு முன்னால் இருந்து, எந்தக் காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்று பதிவார். சத்தமான இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் காது குறைகிறதா என்று பார்ப்பதும், குறையாமல் இருக்கக் காதை அடைக்கிற தக்கை கொடுப்பதும் எங்கள் வேலை.

என் பங்கு மூன்று. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஹெட்போனின் சிவப்புப் பக்கம் வலது காதிலும் நீலப் பக்கம் இடது காதிலும் வருகிறதா என்று பார்ப்பது. தக்கைகளை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி எடுப்பது. மூன்றில் முதலாவதுதான் எனக்குப் பெரும்பாடு. நான் கூச்சக்காரன். பெயரை ஒருக்கால்தான் கூப்பிடுவேன். கேட்கவில்லை என்றால் கிட்டப் போய் நிற்பேன்.

இங்கே சொல்லப்போகிறவை எல்லாம் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு மில்லில் நடந்தவை. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாம் அரைத்துப் பொதி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில். அங்கே வாங்குகிறவர்கள் தொழிலாளரின் காதையும் பார்க்கவேண்டும் என்று சொன்னதால் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். முதல் நாள் வான் கேற்றடியில் நின்று ஹோர்ன் அடித்தது. காவல்காரர் தவராசா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. டிரைவர் இறங்கிப்போய் மேசையில் தட்டினார். பேப்பர்ப் பைத்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். "மன்னிக்கவேணும், ஒரு நல்ல செய்தி வாசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார் தவராசா. "நல்ல செய்தியோ, எந்தப் பேப்பரிலை?" என்று கேட்டார் டிரைவர்.

பூவும் தோடும்

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டு, காதில் பூவோடு வந்திருந்தார்கள். பூவுக்கு மேல் ஹெட்போன் படியாது. இடைவெளியால் சத்தம் போய்விடும். சாமியின் பூவைக் கீழே வைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் வாழையிலை ஒன்று வெட்டி விரித்து, அதில் வைக்கச் சொன்னேன். சோதனை முடிந்த பிறகு எது யாருடையது என்று இழுபறி. எல்லாம் ஒரே நந்தியாவட்டை. அடுத்தமுறை வரிசையாக வைத்து, வரிசையாகக் கொடுத்தேன்.

பெண்களுக்குப் பூ இல்லை, தோடு. கழற்றினால்தான் ஹெட்போன் சரியாக இருக்கும். எல்லோரும் கழற்றினார்கள், யோகேஸ்வரி என்ற பெண்ணைத் தவிர. ஐம்பது வயது இருக்கும். அரைக்கிற மெசினில் வேலை. இரண்டு காதையும் கையால் மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். பின்னால் நின்ற பெண் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: சண்டை முடிகிற நாட்களில் இவருடைய மனுசனை விசாரிக்கவென்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை, பொட்டும் தோடும் அப்படியேதான் இருக்கின்றன என்று. துஷி மிஸ் ஒன்றும் கேட்காமல், காதுக்குள் வைக்கிற சின்னக் கருவி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். யோகேஸ்வரி என்னைப் பார்த்தார்.

"குறை நினைக்காதேங்கோ, ஐயா. கழட்டெண்டு அவர் வந்து சொன்னால் கழட்டுறன். வேறை ஆர் சொன்னாலும் கழட்டன்."

மிளகாய்க் கை

எங்கள் தக்கை பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். விரலால் உருட்டி மெல்லிசாக்கிக் காதுக்குள் வைத்தால், அது தானாக விரிந்து அடைத்துக்கொள்ளும். பட்டணத்து ஆலைகளில் செய்து காட்டிய மாதிரி இங்கேயும் செய்து காட்டினேன். எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். கவனமாக உருட்டினார்கள். கவனமாக வைத்தார்கள்.

காலை முழுக்க மிளகாய் அரைத்த கைகள் அவை. எனக்கு அது நினைவில் வரவில்லை. அவர்களுக்கும் வரவில்லை, ஏனென்றால் அவர்களின் விரலுக்கு உறைப்புத் தெரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கிணற்றடிக்கு ஓடினார்கள். நான் வாளியோடு பின்னால் ஓடினேன். அன்றிலிருந்து வானில் ஒரு பேசினும் சவர்க்காரமும் இருக்கின்றன. கழுவாத கைக்குத் தக்கை இல்லை. கண்ணீர் வழிய வழியக் காதைக் கழுவிய ஒரு பிள்ளை, சிரிப்பை அடக்கமுடியாமல் என்னிடம் சொன்னாள்:

"காது கேட்குதோ இல்லையோ தெரியேல்லை ஐயா, நல்லா உறைக்குது."

ஒரே தாளம்

மா அரிக்கிறவர் ஒருவர் பெட்டி அறைக்குள் இருந்து பொத்தானை அமத்தினார். விட்டார். அமத்தினார். விட்டார். மூச்சு விடுகிற மாதிரி ஒழுங்காக நடந்தது. துஷி மிஸ் சத்தத்தை முழுதாக நிறுத்திப் பார்த்தார். பொத்தான் நிற்கவில்லை.

கேட்காது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். அப்படி நிறுத்தமாட்டோம் என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் சொல்லித்தான் இருந்தார். துஷி மிஸ்ஸும் சொன்னார். வயிற்றுப்பாட்டை நம்பியிருக்கிறவருக்கு வாய்ச்சொல் போதவில்லை. பத்து வருடமாக அந்த அரிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றவர். ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"கேட்கேல்லை எண்டு எழுதினால் எனக்கு வீடு சரிஞ்சுபோம், மிஸ். கேட்குது எண்டு எழுதினால் உங்களுக்கு என்ன குறையும்?"

ஒரு கேள்வி

சோதனைக்கு முதல் சில கேள்விகள் கேட்கவேண்டும். காதில் சீழ் வந்ததா, தலையில் அடிபட்டதா என்று. அதில் ஒன்று, "வெடிச் சத்தத்துக்குக் கிட்ட இருந்ததுண்டா?" என்பது. எங்கேயோ சமாதானமான ஊரில் இருந்து எழுதிய கேள்வி. பதிலுக்கு ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி.

வரிசையில் கேள்வியை வாசித்தேன். யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பொதி பண்ணுகிற வயதான அம்மா ஒருவர்தான் பதில் சொன்னார்:

"எல்லாருக்கும் ஓம் எண்டு போடு ராசா. இல்லை எண்டு ஆரும் சொன்னால் அவரை இஞ்சாலை கூட்டிக்கொண்டு வா, ஒருக்காக் கும்பிடவேணும்."

மிச்சம் வருகிற தக்கை

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தக்கை கொடுக்கப் போவேன். ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால், அந்த மில்லில் மட்டும் எப்போதும் ஒன்று மிச்சம் வரும். கடையில் நின்ற பழக்கம், மிச்சம் வந்தாலும் எனக்கு மனம் கேளாது. யாருக்கோ குறைத்துக் கொடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்ப எண்ணுவேன். ஒருநாள்தான் கண்டேன். யோகேஸ்வரி ஒரு தக்கையை எடுத்துக்கொண்டு, மற்றதை எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் திருப்பிப் போடுகிறார்.

இதற்கிடையில் துஷி மிஸ்ஸுக்கும் ஒரு குழப்பம். யோகேஸ்வரியின் இடது காது நன்றாக இருந்தது. வலது காது வருடா வருடம் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரே மெசின், ஒரே சத்தம், ஒரு காது மட்டும் ஏன் குறைகிறது? நான் கண்டதைச் சொன்னேன். மிஸ் தேத்தண்ணி நேரத்தில் அவரைக் கூப்பிட்டு வானின் படியில் இருத்தினார். நான் போகப் பார்த்தேன். "நில்லுங்கோ அங்கிள்" என்று மிஸ் சொன்னதால் நின்றேன்.

"அந்தக் காது வாசல் பக்கம், மிஸ்" என்றார் யோகேஸ்வரி. வேலைக்கு நிற்கும்போது வலது பக்கத்தில்தான் கேற் இருக்கிறதாம். மனுசன் வந்தால் முதலில் வீட்டுக்குப் போவார். ஆளில்லை என்றால் அயலட்டையில் மில்லிலே என்று சொல்வார்கள். இங்கே வருவார். உள்ளே வரமாட்டார்.

"ஏன் வரமாட்டார்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"கூச்சம் பிடிச்ச மனுசன், ஐயா. கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தலுக்கு வெளியிலைதான் நிப்பார். கேற்றடியிலை நிண்டு கூப்பிடுவார். ஒருக்காத்தான் கூப்பிடுவார். கேட்கேல்லை எண்டால், நான் இல்லையாக்கும் எண்டு திரும்பிப் போடுவார்."

இண்டைக்கு

துஷி மிஸ் நல்ல பிள்ளை. ஏசவில்லை. படித்ததை அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். மெசின் ஓடுகிறபோது திறந்த காதுக்கும் வாசல் சத்தம் கேளாது என்றார். யோகேஸ்வரி அதற்கும் பதில் வைத்திருந்தார். கரண்ட் நிற்கிற நேரம் கேட்கும், மிளகாய் மாற்றிப் போடுகிற நேரம் கேட்கும், அந்த நேரம் பார்த்து அவர் வரலாம்தானே என்றார்.

மிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உந்தக் காது இப்பிடியே போனால் கொஞ்ச வருசத்திலை கதைக்கிறதே விளங்காது. அவர் வரேக்கை அவற்றை குரல் உங்களுக்குக் கேட்கவேணுமெண்டால், இப்ப பொத்தவேணும்."

உள்ளே மெசினைத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். யோகேஸ்வரி எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"இண்டைக்கு வந்தால்?"

கேற்றடி

எனக்கு இது மனதில் கிடந்து அரித்தது. நானும் ஒருக்கால் மட்டும் கூப்பிடுகிற ஆள். பதில் வராத வாசலிலிருந்து எத்தனையோ தரம் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருவர் எப்படித் திரும்பிப் போவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தமுறை போனபோது, கேற்றுக்குப் பொறுப்பான ஆளிடமே போனேன். தவராசா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய், முகத்துக்கு நேரே நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே யோகேஸ்வரியிடம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"தங்கச்சி, கேற் என்ரை பொறுப்பு. நீர் ரெண்டு காதையும் பொத்தும்."

"அவர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், அண்ணை. 'இஞ்சரும்' எண்டு மட்டும்தான். அதுவும் மெல்லமாத்தான்."

"கூப்பிடுறதை விடும். ஆள் எப்பிடி?"

"நெட்டை. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடப்பார். சைக்கிளிலை வந்தாலும் கேற்றுக்குக் கிட்ட வரேக்கை இறங்கி உருட்டிக்கொண்டுதான் வருவார்."

"படம் இருக்கோ?"

மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைத் தவராசாவுக்கு விளக்கினார். நீலச் சேட்டு, கறுத்த மயிர், நெற்றிக்கு மேலே கொஞ்சம் சுருட்டை. தவராசா கண் வெட்டாமல் அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப நரைச்சிருக்கும்" என்றார்.

யோகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை வருடமும் கறுத்த மயிரோடுதான் அந்த மனுசன் அவருடைய மனத்தில் வந்துகொண்டிருந்தார் போல. தன் தலையை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு எனக்குக் கையை நீட்டி மற்றத் தக்கையையும் வாங்கினார்.

"ஓம் என்ன... நரைச்சிருக்கும்."

கடைசி ஆள்

அதற்குப் பிறகு அந்த மில்லில் தக்கை மிச்சம் வரவில்லை. அடுத்த சோதனையில் யோகேஸ்வரியின் வலது காது முந்தின இடத்திலேயே நின்றது. போனது திரும்பி வராது, ஆனால் மேற்கொண்டு குறையவில்லை. துஷி மிஸ் சந்தோசத்தில் எனக்கும் டிரைவருக்கும் சோடா வாங்கித் தந்தார்.

கேற்றடியிலும் ஒரு மாற்றம். தவராசா காவல் கொட்டிலை விட்டுக் கதிரையை வெளியே எடுத்துப்போட்டு, ரோட்டைப் பார்த்து இருந்தார். நாங்கள் ஹோர்ன் அடிக்க முதலே கேற் திறந்தது. வெயில் ஏறினால் ஒரு குடை. கையில் போனும் இல்லை, வேறொன்றும் இல்லை. சைக்கிள் உருட்டிக்கொண்டு யாரும் வந்தால் எழும்பி நின்று முகத்தைப் பார்ப்பார், பிறகு இருப்பார்.

காவல்காரரை நாங்கள் சோதிப்பதில்லை. வாசலில் சத்தம் இல்லையே. இந்த வருடம் கேற்றுக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர் ஒன்று பூட்டியதால், அவரையும் பார்க்கச் சொன்னார் முதலாளி. நான் பெயரைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. கிட்டப் போய் நின்றேன். தலையிடி என்றார். பிறகு சாப்பிடவில்லை என்றார். பிறகு, கேற்றை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். கேற்றில் டிரைவரை இருத்தி, நெட்டையான ஆள், சைக்கிள், நரைத்த தலை என்று எல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வந்தார். எல்லோருக்கும் கடைசியாக வந்து இருந்தார்.

சிவப்பு வலது, நீலம் இடது. கதவைச் சாத்தினேன். துஷி மிஸ் மெல்லிய சத்தத்திலிருந்து தொடங்கினார். பொத்தான் அசையவில்லை. கூட்டினார். கூட்டினார். பொத்தானை அமத்தினால் மெசினில் எரிகிற வெளிச்சம் பற்றவே இல்லை. ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று மிஸ் எழும்பிப்போய்க் கதவைத் திறந்து, அவருக்குப் பின்னால் நின்று பெயரைச் சொன்னார். தவராசா திரும்பவில்லை. பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்போகிற சத்தத்துக்காக ஒழுங்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

நான் சுற்றிப் போய் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எப்ப இருந்து, தம்பி?"

"பங்கர் வாசலிலை ஷெல் விழுந்த நாளிலையிருந்து, ஐயா. ஆக்களின்ரை வாயைப் பாத்துக் கதையைப் பிடிச்சிடுவன். பின்னாலை நிண்டு கூப்பிட்டால்தான் அகப்பட்டுப்போவன்."

முதல் நாள் அடித்த ஹோர்ன் எனக்கு நினைவுக்கு வந்தது. துஷி மிஸ் இருந்ததை இருந்தபடியே பதிந்தார். காதுக்கு மெசின் எடுக்க ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும் என்று தவராசாவுக்கு நேரே நின்று சொன்னார். முதலாளியிடமும் போய், காவலுக்குக் கண் போதும், ஆளை மாற்றத் தேவையில்லை என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். தவராசா வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அரைக்கிற பக்கம் கையைக் காட்டி, "தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் திரும்பவும் காதைத் திறந்துபோடுவா" என்று மட்டும் சொன்னார்.

கேற்றடி வரைக்கும் அவரோடு நடந்தேன். டிரைவர் எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். கொட்டிலுக்குள் பழைய பேப்பர்கள் ஒரு மூலையில் கட்டியிருந்தன, மேலே தூசி. நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஒருக்காத்தான் கூப்பிடுவாராம், ஐயா. எனக்கு அந்த ஒருக்காவும் கேளாது. அதாலைதான் பேப்பர் வாசிக்கிறதை விட்டனான்."

ஆக, வருடத்துக்கு ஒருக்கால் நாங்கள் போய்க் காது பார்க்கிற அந்த மில்லில் இப்போது எல்லாக் காதும் ஒழுங்காகப் பொத்தியிருக்கின்றன, கேட்கவேண்டிய ஒரேயொரு சத்தத்தைக் கேட்கிற பொறுப்பு மட்டும் காது கேளாத ஒருவரிடம் இருக்கிறது.